தட்டிப் பார்க்கிற அக்கா

முதலாளியாகி மூன்றாம் நாள் புறக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரன் காட்டியதில் ஆக நல்லதாக, நீளமாக, மெத்தென்று முடியுள்ள பெயின்ட் பிரஷ் ஒரு டசின் வாங்கிக்கொண்டு ஹெந்தளையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தேன். வேலையாட்களுக்கு நல்ல சாமான் கொடுக்கிற முதலாளி என்று பெயர் எடுக்க ஆசை. அங்கே ஃபைபர் வேலை பார்க்கிற அக்கா பிரஷ்களை வாங்கி ஒன்றைத் தடவிப் பார்த்தார். "நல்ல பிரஷ் சேர்" என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டின் முடியையும் பாதியாக வெட்டி நிலத்தில் கொட்டினார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஃபைபர் வேலையில் ரெசின் பசையைத் தடவக் கூடாது, குத்த வேண்டும், கட்டை முடிதான் ஒழுங்காகக் குத்தும் என்பதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? வெள்ளவத்தையில் பதினைந்து வருடம் திரைச்சீலை விற்றவன் நான். மச்சான் கனடாவுக்குப் போகும்போது பட்டறைச் சாவியை என் கையில் வைத்து, பயப்படாதே, எல்லாம் அக்கா பார்த்துக்கொள்ளுவா என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். மீன்பிடி வள்ளம், தண்ணீர்த் தாங்கி, கடைப் பெயர்ப்பலகை என்று கண்ணாடி நாரையும் ரெசினையும் வைத்து எதையும் செய்து கொடுக்கிற பட்டறை அது. கண்ணாடி நார் சுருளாக வந்து இறங்கியதும், துணி பார்த்த கை சும்மா இருக்குமா, விரித்துத் தடவித் தரம் பார்த்தேன். இரண்டு நாள் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

அக்கா என்றால் என்னைவிட ஐந்து வயது இளையவர். கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பட்டறையில் எல்லாருக்கும் அவர் அக்கா. வள்ளத்துக்குப் புட்டி பூசித் தேய்த்து மினுக்குகிற ஹெந்தளைக்காரர் அறுபது வயதுச் சிங்களவர், அவருக்கும் "அக்கே"தான். நான் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ மரியாதைக் குறைவாகப் பட்டது. அதனால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை சேர் என்றார். வெளியாள் யாராவது வந்து பார்த்தால் யாருக்கு யார் முதலாளி என்று குழம்புவார்கள். நானே சில நாள் குழம்பினேன்.

அவருடைய ஆயுதங்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். கட்டை முடிப் பிரஷ்கள், வட்டம் வட்டமாக வரி விழுந்த அலுமினிய ரோலர், மூலைக்குள் விட்டு உருட்ட விரல் தடிப்பில் இன்னொரு ரோலர், ஒரு கத்தி, கத்தரிக்கோல், சிவப்பு மெழுகுப் பென்சில். அந்த டின்னை வேறு யாரும் தொட முடியாது. ரெசின் இறுகிவிட்டால் ரோலர் கல்லாகிப் போகும் என்பதால், வேலை முடிந்ததும் முதலில் ரோலரை அசிட்டோனில் கழுவுவார், பிறகுதான் கையைக் கழுவுவார், அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. வேலை தொடங்க முன்பு முழங்கை வரைக்கும் குழந்தைப் பவுடர் பூசிக்கொள்வார், நார் குத்தாமல் இருக்க. ரெசின் நெடிக்கு நடுவில் நின்று நின்று எனக்கு இப்போதும் குழந்தைப் பவுடர் வாசம் வந்தால் பட்டறைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் அக்கா என்றால் அந்தக் கத்தரிக்கோலோ ரோலரோ இல்லை. அக்கா என்றால் அந்தப் பழைய இரண்டு ரூபாய் நாணயக் குற்றி.

செய்து முடித்த வள்ளத்தை அச்சில் இருந்து கழற்றி நிமிர்த்தி வைத்ததும், நாங்கள் எல்லாரும் தள்ளி நின்று அழகு பார்ப்போம். அக்கா குனிந்து குற்றியால் தட்டத் தொடங்குவார். முன்பக்க அணியத்தில் இருந்து பின்பலகை வரைக்கும் விரலிடை விரலிடையாக, டிக், டிக், டிக். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட நார்ப் படைகள் ஒழுங்காக ஒட்டியிருந்தால் அந்தச் சத்தம் மாறாது. எங்காவது உள்ளே காற்று நின்றிருந்தால் டொக் என்று சத்தம் செத்துப் போகும். அந்த இடத்தில் அவர் நின்று, சுற்றிவரத் தட்டி, சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். தான் செய்த இடமென்றால் இன்னும் அழுத்திப் போடுவார். அந்த வட்டத்தை வெட்டித் திறந்து திருப்பிச் செய்யும் வரைக்கும் வள்ளம் அசையாது. எவ்வளவு வடிவாக மினுங்குகிறது, இதில் என்ன பிழை என்று நான் முனகினால் ஒரே பதில்தான் வரும்.

"மினுக்கத்துக்குக் குறைவில்ல சேர். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாப்பம்."

இந்தப் பழக்கம் பட்டறைக் கதவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளவத்தையில் நான் ஃபிளாட் வாங்கிப் பால் காய்ச்சினபோது அக்காவையும் புருஷனையும் கூப்பிட்டிருந்தேன். பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்தார். சனம் எல்லாம் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவரைக் காணவில்லை. குளியலறைக்குள் இருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் சுவர் ஓடுகளில் பதினொன்றுக்கு வட்டம் போட்டாயிற்று. பட்டுச் சேலைக்குள் சிவப்புப் பென்சிலையும் கொண்டு வந்திருக்கிறார். என் மனைவிக்கு முகம் ஒரு சாண் நீண்டுவிட்டது. அடுத்த கிழமை அந்தப் பதினொன்றில் ஒன்று தானாகவே கழன்று விழுந்தது, நல்லகாலம் கீழே யாரும் குளித்துக்கொண்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு என் மனைவி குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்றாலும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கத் தொடங்கினாள்.

அன்றைக்கு அவருடைய புருஷன், திரீவீல் ஓட்டுகிறவர், லட்டுவைக் கடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். "பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கு என்னையும் தட்டித்தான் பாத்தவ, சேர். திரீவீலைச் சொல்லேல்ல, என்னைத்தான்." எங்கே தட்டினார் என்று யாரோ கேட்டார்கள். அவர் நெஞ்சைக் காட்டினார். அக்கா சிரிக்காமல், அப்போது சத்தம் சரியாக இருந்தது, இப்போது பீடி குடித்துக் குடித்து மாறிவிட்டது என்றார்.

பொரளையில் என் பெரியப்பாவின் செத்த வீட்டுக்கும் வந்திருந்தார். பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலையில் கைகட்டி நின்று கும்பிட்டுவிட்டு, பெட்டியின் விளிம்பில் கையை வைத்தார். விரல் மெல்ல ஆடியது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது என் காதுக்குள், "நல்ல பலகை சேர்" என்றார். ஆறுதல் சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. அது அக்காவின் வழி.

எதனால் இப்படி என்று கேட்டிருக்கிறேன். முந்தி வேலை செய்த இடத்தில் ஏதாவது விபத்து நடந்ததா, வீட்டில் யாராவது ஏமாற்றினார்களா என்றெல்லாம் தோண்டினேன். அப்படி ஒன்றும் இல்லையாம். பழகிவிட்டதாம். சில பேர் நகம் கடிக்கவில்லையா என்று என் விரலைப் பார்த்துக் கேட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு எழுதியாயிற்று.

ஹெந்தளைக் கடற்கரைச் சிங்கள மீனவர் ஒருவர் வள்ளம் கேட்டிருந்தார். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு மருமகனோடு சேர்ந்து தொழிலுக்கு இறங்கப் போகிறார். ஒரு தரம் நாள் சொல்லி ரெசின் வராமல் தவறினேன். இரண்டாம் தரம் மழை. மூன்றாம் தரம் அவர் ஞாயிற்றுக்கிழமை பாதரைக் கூப்பிட்டு ஆசீர்வாதத்துக்கு ஒழுங்கு செய்து, சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிவிட்டார். இந்த முறை தவறாதுதானே மாத்தயா என்று அவர் கேட்க, தவறாது என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

சனிக்கிழமை பின்னேரம் அக்கா தட்டினார். முழு வள்ளமும் டிக் டிக் என்று சுத்தமாக வந்து, கடைசியில் பின்பலகையில் டொக் என்றது. பின்பலகை என்பது மோட்டர் தொங்குகிற இடம். உள்ளே ஒட்டுப்பலகை, அதன் மேல் ஃபைபர். இரண்டும் ஓர் உள்ளங்கை அளவுக்கு ஒட்டாமல் நின்றிருந்தது. அக்கா வட்டம் போட்டார். மூன்று நாள் வேலை சேர், செவ்வாய்க்கிழமைக்கு முன்பு கொடுக்க முடியாது, அந்த மனுசனுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு, டின்னை மூடி, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தரமும் எப்படிச் சொல்வது? பாதர், பாயாசம், சொந்தக்காரர். உள்ளங்கை அளவுதானே என்று பட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, என்ன மாதிரி மினுங்குகிறது. ஒரு துணியில் அசிட்டோனை நனைத்துத் துடைத்தேன். வட்டம் போய்விட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதன் மேல் என் கையாலேயே ஒரு பூச்சுப் பூசினேன். ஞாயிறு காலையில் வள்ளத்தைக் கொடுத்து, ஆசீர்வாதத்தில் நின்று, இரண்டு கோப்பை பாயாசமும் குடித்தேன்.

திங்கட்கிழமை அக்கா வந்து வெறும் மேடையைப் பார்த்தார். என் மேசைக்கு வந்தார்.

"சேர், அந்த வட்டம்?"

"செய்தாச்சு அக்கா. மருதானையில இருந்து ஒரு ஆளைப் பிடிச்சு, சனிக்கிழமையே செய்விச்சன்."

"வெட்டித் திறந்து பாத்தவரோ?"

"ஓம்."

"எத்தின படை போட்டவர்?"

"நாலு."

"அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். பவுடர் பூசிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். இன்னும் இரண்டு பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன், வியாபாரத்தில் பதினைந்து வருடப் பழக்கம். மூன்று நாள் வேலை ஒரு சனிக்கிழமையில் எப்படி முடிந்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. செத்த வீட்டுப் பெட்டியைத் தட்டுகிற மனுசி, என் வாயில் இருந்து வந்ததைத் தட்டாமல் எடுத்துக்கொண்டார். அது போதாதென்று, மத்தியானம் புட்டிக்காரரிடம் சிங்களத்தில் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. சேர் சனிக்கிழமை வீட்டுக்கும் போகாமல் மருதானையில் ஆள் பிடித்து வேலையை முடித்திருக்கிறார், இப்படி ஒரு முதலாளி எங்கே கிடைப்பார் என்று.

புதன்கிழமை அந்த மீனவர் வந்தார். வள்ளம் காற்றாய்ப் பறக்கிறது என்று இரண்டு பெரிய பாரை மீனை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மனைவி அதைக் குழம்பு வைத்தாள். எங்கள் ஃபிளாட் ஜன்னலால் பார்த்தால் கடல் தெரியும், வாங்கும்போது அதற்காகத்தான் வாங்கினது. அன்றைக்குத் தெற்கில் இருந்து நல்ல காற்று, அலை வெள்ளையாய்ப் புரண்டுகொண்டிருந்தது. பின்பலகை பிய்ந்தால் மோட்டர் கடலுக்குள் போகும். பிறகு தண்ணீர் உள்ளே வரும். வள்ளத்துக்குள் இரண்டு பேர், ஒருவனுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். ஒரு மீன் துண்டை வாயில் வைத்துவிட்டு, மனைவி பார்க்காத நேரம் எடுத்துத் தட்டில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அக்கா ரெசினுக்குள் ஹார்ட்னர் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அது கலந்துவிட்டால் இருபது நிமிடத்தில் இறுகிவிடும், அந்த நேரத்தில் யாரும் அவரோடு கதைக்கக் கூடாது என்பது சட்டம். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, மருதானையில இருந்து ஒருத்தரும் வரேல்ல. நான்தான் வட்டத்தைத் துடைச்சனான்."

அவர் கலக்குவதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியில் ரெசின் சூடேறிப் புகையத் தொடங்கியது. அக்கா ஒரு சொட்டு ரெசினை வீணாக்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முழு வாளியும் கல்லாகிப் போனது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"போட் எங்க நிக்குது?" என்றார்.

கடற்கரைக்கு நடந்தோம். பத்து நிமிட நடை, எனக்கு ஒரு மணி நேரம். அவர் முன்னால், நான் பின்னால். வள்ளம் கடலில் இருக்குமோ என்று என் கண் தேடியது. மணலில் ஏற்றிவைத்திருந்தார்கள், மருமகன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். எனக்குப் போன உயிர் வந்தது. அக்கா யாரையும் கேட்காமல் வள்ளத்துக்குள் ஏறிக் குனிந்து தட்டினார். டொக், டொக், டொக். சத்தம் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. வட்டம் போட்டார். உள்ளங்கை அளவு இருந்தது நாலு நாளில் சாப்பாட்டுத் தட்டு அளவாகியிருந்தது.

மீனவர் வந்து என்ன விசயம் என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் கொஞ்சம் தட்டுத்தடுமாறும், இப்படியான இடங்களில் அவர்தான் கதைப்பார்.

"நீங்களே சொல்லுங்கோ, சேர்" என்று அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சொன்னேன். என் அரைகுறைச் சிங்களத்தில் பொய் சொல்வதே கடினம், உண்மை அதைவிடக் கடினமாக இருந்தது. அந்த மனுசன் அடிக்கவில்லை. இதில் நாலு தரம் கடலுக்குப் போய் வந்துவிட்டோம் மாத்தயா என்று மட்டும் சொல்லி மருமகனைப் பார்த்தார். பிறகு எத்தனை நாள் ஆகும் என்று என்னிடம் கேட்கவில்லை, அக்காவிடம் கேட்டார்.

மூன்று நாளில் முடிந்தது. அக்கா வெட்டித் திறந்தார், உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தது, பலகையைக் காயவைத்தார், திரும்பப் படை படையாய்ப் போட்டார். நான் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து ஒரு கிழமை சொறிந்தேன். அந்த வள்ளம் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த மருமகனுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

அக்கா அதற்குப் பிறகு இந்தக் கதையை ஒரு நாளும் எடுக்கவில்லை. புட்டிக்காரரிடமும் சொல்லவில்லை. சேர் என்றுதான் கூப்பிட்டார், பகிடியும் விட்டார், பெருநாளுக்குக் கேக் கொண்டுவந்தார். ஒன்று மட்டும் மாறியது. ரெசின் வந்துவிட்டது அக்கா என்று சொன்னால், சரி சேர் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பீப்பாய் மூடியைத் திறந்து பார்த்தார். சாப்பாடு வந்துவிட்டது என்றால் வாசலை எட்டிப் பார்த்தார். மழை வருகிறது என்றால் வெளியே போய்க் கையை நீட்டினார். ஒரு நாள், நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவு என்றேன், கலண்டரைத் திருப்பினார். என்னைக் குத்திக்காட்ட அவர் அதைச் செய்யவில்லை. அப்படியென்றால் நானும் ரோசப்பட்டிருப்பேன். அவர் அறியாமலே கை போனது. சத்தம் மாறின இடத்தை அவருடைய கை மறக்காது. மூன்று வருடம் நான் அந்தப் பட்டறையில் எதைச் சொன்னாலும் அது ஒரு தரம் தட்டிப் பார்க்கப்பட்டது. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. கவலைப்பட உரிமை இல்லாத கவலை.

பொய்யையும் குறைத்துக்கொண்டேன். ஞானம் வந்து இல்லை. தட்டிப் பார்க்கிற ஆள் பக்கத்தில் இருந்தால் பொய் சொல்வது வீண் வேலை.

பிறகு மாலைதீவில் வள்ளம் கட்டுகிற ஒரு பெரிய இடத்தில் அக்காவுக்கு வேலை சரிவந்தது. மகள் படிக்க வேண்டும், புருஷனின் நெஞ்சும் பீடியால் உண்மையாகவே கெட்டுப் போயிருந்தது. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் இங்கே இன்ன வேலை செய்தார் என்று நான் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். பேரிலோ பாஸ்போட் நம்பரிலோ ஓர் எழுத்துப் பிழைத்தாலும் விசா இல்லை என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். அவர்களுடைய தெருவில் ஒருவருக்கு ஓர் இலக்கம் மாறி, எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாராம். அக்கா அந்த ஆளின் கதையை என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

கடைசி நாள். டின்னைத் துணியில் சுற்றிப் பெரிய பைக்குள் வைத்துக்கொண்டு, பின்னேரம் நேரே ஏஜென்சிக்குப் போகிற அவசரத்தில் மேசைக்கு வந்தார். வாசலில் புருஷன் திரீவீலை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை ஒட்டாத கவரில் போட்டு வைத்திருந்தேன். அவர் பிரித்துப் பார்க்கட்டும் என்றுதான் ஒட்டவில்லை.

"கடிதம் எழுதியாச்சோ சேர்?"

"ஓம் அக்கா."

"நம்பர்?"

"சரியா இருக்கு."

கவரை வாங்கினார். ஒரு கணம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திறந்து பார்க்காமல் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார்.

"அப்ப சரி" என்றார்.